ரயில் இரவுச் சத்த வரைபடம்: சத்த மீட்டரை விட 6 டெசிபல் கூடுதல், 150 மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை

கஞ்சிக்கோட்டான்:
பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் வரை, ராத்திரி 10 முதல் காலை 6 வரை எந்த வீட்டில் எவ்வளவு ரயில் சத்தம் விழுகிறது என்று வரைபடம் போடுகிறேன். சத்தம் கணக்கிடும் நாய்ஸ்மாடலிங் மென்பொருள், க்னோசோஸ் என்ற ஐரோப்பியக் கணக்கு முறை. பாதையும் கட்டடமும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்து இபிஎஸ்ஜி 32643 (மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை முறை) ஆக மாற்றியாச்சு. ராத்திரிக்கு 24 ரயில். பாதையிலிருந்து 60 மீட்டரில் ஒரு வீடு, பக்கத்தில் ரயில்வே கேட் கிடையாது. சுவருக்கு 2 மீட்டர் முன்னால், 4 மீட்டர் கம்பத்தில் சத்த மீட்டர் காட்டிய இரவுச் சராசரி 60 டெசிபல். வரைபடத்தில் 66. 150 மீட்டர் தாண்டிய வீடெல்லாம் மைனஸ் 99. எங்கே இடிக்குது?

பனங்காடு:
மைனஸ் 99 என்றால் அந்த ஏற்பிக்கு (சத்தத்தைக் கணக்கிடும் புள்ளி) ஒரு ஒலிமூலமும் எட்டவில்லை என்று அர்த்தம். மூலத்துக்கும் ஏற்பிக்கும் இடையிலான அதிகபட்ச தூரம் மென்பொருளில் இயல்பாகவே 150 மீட்டர்தான் இருக்கும். சாலைக்கு ஒருவேளை சரி, ரயிலுக்கு ஆகாது. தூரம் இரட்டித்தால் 3 டெசிபல் குறையும் என்று மட்டும் வைத்தாலும், 60 மீட்டரில் 57 இருப்பது 45-க்கு இறங்க 960 மீட்டர் வேண்டும். 1000 போடுங்க. நிலமும் கட்டடமும் தின்பதால் நிஜத்தில் முன்னாடியே இறங்கிவிடும்.

57 எங்கிருந்து வந்தது என்று கேட்பீங்க. சுவர் முன்னால் வைத்த மீட்டர் எதிரொலியையும் சேர்த்து அளக்கும், அது சுமார் 3 டெசிபல். வீட்டுக்கு வந்து விழும் சத்தம் மட்டும்தான் கணக்கு என்பதால் 60-ல் 3 கழிக்கணும்.

கஞ்சிக்கோட்டான்:
அப்போ வித்தியாசம் 9 ஆகிறதே, இன்னும் மோசமில்லையா?

பனங்காடு:
அந்த 9-தான் துப்பு. போக்குவரத்து அட்டவணையில் டிநைட் (இரவு) பத்தியில் என்ன போட்டீங்க, 24-ஆ? அது மணிக்கு சராசரி ரயில் எண்ணிக்கை. 8 மணி நேரத்துக்கு 24 என்றால் 3 போடணும். எட்டு மடங்கு கூடினால் சரியாக 9 டெசிபல். 66-ல் 9 போனால் 57.

டெசிபல் தம்பி:
இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அதிர்ஷ்டம்னு நினைங்க, அடுத்த வீட்டில் பொருந்தாது. மென்பொருளில் இருப்பது ஐரோப்பிய வண்டிகள். எல்ஹெச்பி என்ற புது வகைப் பயணிகள் பெட்டிக்கு டிஸ்க் பிரேக் பயணி வண்டியை ஒப்புக்கு வைக்கலாம், சரக்கு வண்டியில்தான் உதைக்கும். வண்டி வகைவாரியாகத் தனித்தனியே கடப்பு (ஒரு ரயில் கடக்கும்போது வரும் சத்தம்) அளந்து, அந்த வகைக்கு மட்டும் திருத்தம் கொடுங்க. மொத்த வரைபடத்தையும் ஒரே எண்ணால் இறக்காதீங்க. வேகத்தையும் கால அட்டவணையிலிருந்து எடுக்காதீங்க. வாளையார் காட்டில் யானைக்காக ராத்திரி வேகக் கட்டுப்பாடு உண்டு.

அளக்கும்போது ஆனி, ஆடியைத் தவிருங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வினாடிக்கு 5 மீட்டர் தாண்டினால் மைக்குக்குக் காற்றுறை போட்டாலும் பதிவு தேறாது, பனை ஓலைச் சலசலப்பு வேற சேரும். மழைக்குப் பிறகு சில்வண்டு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தும்; ஆக்டேவ் பட்டையில் (அதிர்வெண் வாரியாகப் பிரித்து) பார்த்தால் தனியாகக் குத்திட்டு நிற்கும். ரயிலின் உச்சம் பின்னணியை விட 10 டெசிபலாவது மேலே இல்லையென்றால் அந்தக் கடப்பை விட்டுடுங்க. மீட்டரைச் சரிபார்க்க அளவுக்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் கேலிப்ரேட்டர் வைக்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று, க்னோசோஸ் கணக்கில் ஹாரன் கிடையாது. லெவல் கிராசிங்குக்கு 600 மீட்டர் முன்னால் இருக்கும் மஞ்சள் விசில் பலகையிலிருந்து கேட் வரை தனிக் கோட்டு மூலமாக வரைந்து, அளந்த ஹாரன் ஆற்றலைக் கொடுத்து, மடக்கையில் (நேரடியாக இல்லாமல், டெசிபல் கூட்டும் முறையில்) கூட்டுங்க. தூக்கம் கெடுவது பெரும்பாலும் அதனால்தான், சராசரியில் அது அமுங்கிவிடும். கேட் பக்கத்து வீடுகளுக்கு உச்ச அளவையும் தனி வரைபடமாகப் போடுங்க.

கஞ்சிக்கோட்டான்:
3 போட்டதும் 57.2 வந்தது, நன்றி. 1000 மீட்டர் வைத்தால் கணினி முக்குது.

பனங்காடு:
பிரதிபலிப்பு வரிசையை (சத்தம் எத்தனை முறை எதிரொலிப்பதைக் கணக்கில் எடுப்பது என்பது) 0 ஆக்கி முதல் ஓட்டம் விடுங்க. இடம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் போடாமல் வீட்டு முகப்பில் மட்டும் ஏற்பி வைங்க, எத்தனை பேருக்குச் சத்தம் விழுகிறது என்று எண்ண அதுவே போதும். பாதையை எட்டிமடை வரை நீட்டினால் ஏ, பி லைன்கள் என்ற இரண்டு ரயில் பாதைகளும் காட்டுக்குள் பிரிந்து போவதால் இரண்டையும் தனித்தனிக் கோடாக வைக்கணும், ஆனால் ஆளில்லாத காட்டில் ஏற்பி எதற்கு? கடைசியில் வண்ணம் பிரிக்கும்போது 45-ல் ஒரு எல்லை வைங்க. குடியிருப்புக்கு நம்ம 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதியின் இரவு வரம்பு அது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ரயிலுக்குச் சொன்னது 44.