போனட் ஸ்டிக்கர் முட்டை ஓடு மாதிரி உடைகிறது, எப்படி எடுப்பது?

உப்புவெளி வாசி:
வணக்கம். போன மாதம் ஒரு பழைய வெள்ளி நிற ஆல்டோ கார் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் கதவுகளில் சிவப்புக் கோடுகளும் போனட் முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார். கதவுக் கோடுகள் ஓரளவு உரிந்து வருகின்றன. போனட்டில் உள்ளதை நகத்தால் கிளப்பினால் துண்டு துண்டாக உடைகிறது. ஒரு மணித்தியாலத்தில் உள்ளங்கை அளவுதான் எடுக்க முடிந்தது, பசையும் அப்படியே நிற்கிறது. ஒரு கராஜில் தினர் (பெயின்டை இளக்கும் திரவம்) போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் இந்தக் காரை வாங்கினேன். திரும்பப் பெயின்ட் அடிக்கக் கையில் காசு இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெயின்ட் வேலைக்காரன்:
தம்பி, தினர் வேண்டாம். கொம்பனிப் பெயின்ட் சூளையில் சுட்டது, கொஞ்சம் தாங்கும். பிறகு கராஜில் அடித்த பெயின்ட் என்றால் துணியோடு கரைந்து வந்துவிடும். முதலில் போனட்டைத் திறந்து ஓரங்களையும், கதவு விளிம்பில் உள்ள றப்பர் பீடிங்கையும் பாருங்கள். பெயின்ட் தூசி படிந்திருக்கிறதா? டேப் ஒட்டிய கோடு தெரிகிறதா?

உப்புவெளி வாசி:
பார்த்தேன் அண்ணா. போனட்டில் ஒன்றும் இல்லை. இடது முன்கதவின் றப்பரில் மட்டும் வெள்ளிப் புள்ளிகள் இருக்கின்றன.

பெயின்ட் வேலைக்காரன்:
அப்படியென்றால் அந்தக் கதவுக்குக் கராஜில் திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அங்கேதான் கவனம் தேவை. அதில் வேகமாக இழுத்தால் ஸ்டிக்கரோடு பெயின்டும் கிளம்பும்.

போனட் உடைவதற்குக் காரணம் வெயில். ஸ்டிக்கரை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மை வருடக் கணக்கில் காய்ந்து போகிறது. கதவு நிமிர்ந்து நிற்பதால் தப்பிவிடுகிறது. போனட் மல்லாந்து கிடக்கிறது, உச்சி வெயில் முழுக்க அதன் மேல்தான். நம் ஊர்க் கச்சான் காற்று (வறண்ட சூடான காற்று) வீசும் மாதங்களைச் சொல்லவே வேண்டாம்.

முதலில் காரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மணலை எடுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கார், மணலோடு தேய்த்தால் கீறிவிடும். அப்புறம் ஹெயார் ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சூடாக்குங்கள். கை வைத்தால் சூடு தாங்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். மூலையைக் கிளப்பி, நேரே மேலே தூக்காமல், ஸ்டிக்கரையே பின்னோக்கி மடித்துத் தாழ்வாக மெல்ல இழுங்கள். அவசரப்பட்டால் பசை பெயின்டில் தங்கிவிடும். உடைகிற இடத்தில் சுடுநீரில் நனைத்த துவாயைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, பழைய பிளாஸ்டிக் கார்டால் தள்ளுங்கள். பிளேடு, ஆணி, கத்தி எதுவும் கிட்ட வரக்கூடாது.

பசைக்கு மண்ணெண்ணெய் போதும். துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, உடனே சவர்க்காரத்தால் கழுவுங்கள். கடைசி மிச்சத்துக்குப் பாமசி ஸ்பிரிட். எதையும் முதலில் கதவின் உள்விளிம்பில் பூசிப் பாருங்கள். துடைக்கும் வேலை நிழலில், தகடு ஆறிய பிறகு. ட்ரையர் ஓடும்போது மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் பக்கத்தில் இருக்கவே கூடாது.

நிலாவெளி அக்கா:
ட்ரில்லில் பூட்டும் றப்பர் சக்கரம் பசையை வேகமாக எடுக்கும். ஆனால் தம்பி, அந்த இடது கதவில் வைக்காதீர்கள். எங்கள் வான் வண்டியில் சக்கரம் ஒரே இடத்தில் சில விநாடி அதிகம் நின்றதில் பெயின்ட் கருகி, அந்தத் தகட்டுக்கே திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

உப்புவெளி வாசி:
நான்கு நாள், பின்னேரங்களில் மட்டும் செய்தேன். போனட் முழுக்க வந்துவிட்டது! துவாய் முறைதான் காப்பாற்றியது. இடது கதவில் ஒரு நகக்கண் அளவு பெயின்ட் போய்விட்டது, மற்றபடி நல்லது. ஆனால் கோடு இருந்த இடம் நிழல் மாதிரி இன்னும் தெரிகிறது. பசை மிச்சமா?

பெயின்ட் வேலைக்காரன்:
விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் பசை இல்லை. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் புதிதாகவே இருக்கிறது, சுற்றியுள்ளதுதான் மங்கிவிட்டது. ஆகவே மங்கிய பகுதியைக் கையால் கட் அன்ட் பொலிஷ் (மங்கிய மேல்படையைத் தேய்த்தெடுத்து மெருகேற்றுவது) செய்து, எல்லாவற்றுக்கும் வெக்ஸ் பூசுங்கள். வித்தியாசம் நன்றாகக் குறையும், முழுதாக மறையும் என்று சொல்லமாட்டேன். பெயின்ட் போன புள்ளியை இப்படியே விடாதீர்கள். உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். சின்ன டச்சப் போத்தல் (சிறு இடத்தில் தொட்டு வைக்கும் பெயின்ட்) ஒன்று வாங்கி இந்தக் கிழமையே வையுங்கள்.

உப்புவெளி வாசி:
சரி அண்ணா, நாளைக்கே டவுனுக்குப் போகிறேன். காரின் பெயின்ட் நிற இலக்கம் எழுதிய தகடு எங்கே இருக்கும்?

பெயின்ட் வேலைக்காரன்:
போனட்டைத் திறந்தால் உள்ளே பின்பக்கத் தகட்டில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் சாரதிக் கதவுத் தூணில் பாருங்கள். படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வெள்ளியில் பல வெள்ளி உண்டு.