புதுப்பிப்பு: சமதளத்தில் சைக்கிள் ஓட்டி மலையேறும் திறனைத் தக்கவைத்தல்

பக்கத்தில் ஏற்றமே இல்லாதபோது சைக்கிளில் மலையேறும் திறன் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மலையில் ஓட்டிவிட்டு வந்தேன், கால் தாங்கியது!

அதிகம் கைகொடுத்தது எதிர்காற்றுதான். சமதளத்தில் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் உருண்டுகொண்டே போகும். ஏற்றத்தில் கால் தளர்ந்த நொடியே வேகம் செத்துவிடும். எதிர்காற்றில் கனமான கியர் போட்டு, நிமிடத்துக்கு 55–60 சுற்று என உட்கார்ந்தபடியே மிதித்தால் அந்த இடைவிடாத அழுத்தம் ஓரளவு கிடைக்கிறது. 10 நிமிடம் அப்படி, 5 நிமிடம் லேசாக, மறுபடி 10. முழங்கால் வலித்தால் உடனே கியரைக் குறைத்துவிடுங்கள், இதில் வீம்பு வேண்டவே வேண்டாம்.

ஹேண்டில்பாரின் மேல்பகுதியைப் பிடித்து நிமிர்ந்து உட்காருங்கள். ஏற்றத்தில் அப்படித்தானே உட்காருவோம்.

எழுந்து நின்று மிதிப்பதுதான் சமதளத்தில் சரியாகப் பழகவில்லை. சைக்கிள் சட்டென வேகமெடுத்துவிடுவதால் மிதியில் எடையே நிற்பதில்லை. அப்புறம், ட்ரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து மிதிக்க உதவும் கருவி) ஏற்றத்தில் இருப்பதுபோல முன்சக்கரத்தை உயர்த்திவைக்கச் சொல்லியிருந்தீர்கள், அடுத்து அதைத்தான் முயலப் போகிறேன்.