முதுகில் மாட்டும் டூல் பேக்: பைக்கில் வேலைக்குப் போகிற நமக்கு ஒத்துவருமா?

கோவை வயரிங்:
வணக்கம். வீட்டு வயரிங், ஃபேன், மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை பார்க்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. இப்போது கடைகளிலும் ஆன்லைனிலும் பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் மாட்டுகிற டூல் பேக் வருகிறதே, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு, உள்ளே முப்பது நாற்பது பாக்கெட், கீழே வைத்தால் சாயாமல் நிற்கும், அதைப் பற்றித்தான் கேட்கிறேன். என்னிடம் இருப்பது ஜிப் வைத்த ரெக்சின் பை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஏணி மேல் நின்றுகொண்டு டெஸ்டர் கேட்டால் கூட வந்த தம்பி பையையே தரையில் கொட்டித்தான் தேடுகிறான்.

போன வாரம் லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாவது மாடி. ஒரு கையில் பை, இன்னொரு கையில் சுவரில் ஓட்டை போடுகிற ஹாமர் மெஷின் பெட்டி, தோளில் வயர் காயில். இதோடு மூன்று தடவை ஏறி இறங்கினேன். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மெஷின் இல்லாமலே பை 9 கிலோ. புதுப் பை மூவாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், வண்டியில் போகும்போது முதுகு வலிக்குமா? எத்தனை நாள் உழைக்கும்?

திருச்சி பேனல்:
ரெண்டு வருடமாக வைத்திருக்கிறேன், எலக்ட்ரீஷியனுக்கு நல்ல பை என்றுதான் சொல்வேன். தூக்குவது சுலபம் என்பதற்காக இல்லை. பழைய பையில் ஹாக்ஸா பிளேடும் கட்டிங் பிளேயரும் ஒன்றாகவே கிடந்தன. ஒருநாள் மெயின் பாக்ஸைத் திறக்குமுன் பிளேயரைக் கையில் எடுத்தால் பிடியில் ஏதோ உறுத்தியது. பார்த்தால் சிவப்பு உறையில் ஒரு கீறல், நகத்தால் விரித்தால் உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிகிறது. பையின் ஆட்டத்தில் பிளேடு அறுத்தது. கை சரியாக அந்த இடத்தில் பட்டு, முனை 230 வோல்ட்டில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் வாங்குகிற சாதாரணப் பிளேயரின் உறை பிடிமானத்துக்குத்தான். ஷாக்கைத் தாங்க வேண்டுமென்றால் 1000 வோல்ட் என்ற எழுத்தும் ரெட்டை முக்கோணக் குறியும் போட்ட டூல் வேண்டும். அதுவும் கீறல் விழுந்துவிட்டால் வீண்தான். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனி பாக்கெட்டில் நிற்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

அப்புறம், கிளம்பும்போது பையைத் திறந்து ஒரு பார்வை. எந்த பாக்கெட் காலியோ அந்த டூல் அந்த வீட்டில் கிடக்கிறது. பழைய பை இருந்தவரை வருடத்துக்கு ரெண்டு டெஸ்டராவது யார் வீட்டு லாஃப்ட் மேலாவது போய்விடும். இந்த ரெண்டு வருடத்தில் ஒன்றும் போகவில்லை.

வண்டியில் போகும்போது தோள்பட்டியை இறுக்காதீர்கள். தளர்த்திவிட்டால் பையின் அடி பின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும், பாரத்தை சீட் தாங்கும், உங்கள் தோள் பிடித்துக்கொண்டால் போதும். இறுக்கிக் கட்டினால் பள்ளத்துக்குப் பள்ளம் இடுப்பில் இறங்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் கழற்றி சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிவிடுவேன்.

குறை ஜிப்தான். முதலில் வாங்கிய பை எட்டாவது மாதம் ஜிப் போய்விட்டது, சுவர் வெட்டுகிற தூசி பல்லில் ஏறி அடைத்துவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறேன்.

நெல்லை பிளம்பிங்:
பிளம்பருக்கு இது வேண்டாம் அண்ணே. நானும் ஆசைப்பட்டு வாங்கினேன், தம்பியிடம் கொடுத்துவிட்டேன், அவன் எலக்ட்ரிக்கல் வேலை. நம் டூல் எப்போதும் ஈரம். ஈரத்தோடு பாக்கெட்டில் சொருகினால் ரெண்டே நாளில் துரு, துணியில் ஒரு நாற்றம், வெயிலில் போட்டாலும் போகாது. 18 அங்குல பைப் ரெஞ்ச் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வண்டியில் பிரேக் போட்டால் பின்தலையில் இடிக்கும். ஹாக்ஸா ஃப்ரேமும் அப்படித்தான். பிவிசி பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா ஒருமுறை மூடி தளர்ந்து கொட்டி, அடியில் இருந்த டெஃப்லான் டேப் ஐந்தாறும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

நான் பயன்படுத்துவது 20 லிட்டர் பெயின்ட் வாளி. அடியில் சூடான கம்பியால் ஏழெட்டு ஓட்டை, தண்ணீர் நிற்காது. உள்சுவரில் 4 அங்குல பிவிசி பைப்பைத் துண்டு போட்டு போல்ட் அடித்திருக்கிறேன், ஒன்றில் ரெஞ்ச், ஒன்றில் ஸ்க்ரூ டிரைவர்கள், ஒன்றில் பிளேடு. சாயங்காலம் வாளியோடு குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிடுவேன், காலையில் காய்ந்திருக்கும். சிங்க் அடியில் வேலை என்றால் அதையே கவிழ்த்து உட்கார்ந்துகொள்வேன். வாளி 80 ரூபாய்க்குக் கிடைத்தது.

கோவை வயரிங்:
திருச்சி அண்ணன் சொன்னதும் என் பிளேயரைப் போய்ப் பார்த்தேன். உறையில் கீறல் இருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. நன்றி அண்ணா, முதலில் அதை மாற்றுகிறேன். ஏசி வேலை செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என் மச்சானும் வாங்க நினைக்கிறார்.

சென்னை ஏசி சர்வீஸ்:
மச்சானிடம் சொல்லுங்கள், சர்வீஸுக்கு மட்டும் போகிற நாளில் பேக் அருமை. கேஸ் பிரஷர் பார்க்கிற கேஜ், அதன் ஓஸ், கிளாம்ப் மீட்டர், ஆலன் கீ செட், ஸ்பேனர், பைப் கட்டர், ஃப்ளேரிங் டூல் எல்லாம் போக இடம் மிச்சம் இருக்கும். மாடியில் அவுட்டோர் யூனிட் இருந்தால் ரெண்டு கையும் சும்மா இருக்கிறதே, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறலாம், அது பெரிய விஷயம்.

ஆனால் ஏசி பைப்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்பை அதற்குள் வைக்கக் கூடாது. பம்ப் சாய்ந்தால் எண்ணெய் வெளியே வரும், கேஜ் ஓஸின் உள்ளே அந்த எண்ணெயும் பைத் தூசியும் போனால் அடுத்த வீட்டு ஏசிக்குள்தான் போகும். நான் பம்பைத் தனியாக ஒரு பழ கிரேட்டில் நிமிர்த்திக் கட்டி எடுத்துப்போகிறேன். ஏசிக்கு நிரப்புகிற கேஸ் சிலிண்டரையும் பேக்கில் போடவே வேண்டாம். இப்போது வருகிற ஸ்பிளிட் ஏசியில் பெரும்பாலும் ஆர்32, பழைய ஆர்22 மாதிரி இல்லை, லேசாகத் தீப்பிடிக்கிற வாயு. மூடிய பைக்குள் வால்வு கசிந்து, வெயிலில் சூடேறி, அதை முதுகில் மாட்டிக்கொண்டு போவதா? நான் கூட வேலை செய்கிற பையன்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். சிலிண்டர் நிமிர்ந்து, வெளிக்காற்றில், நிழலில்.

சிங்கப்பூர் சைட்:
இங்கே கட்டுமான சைட்டில் எலக்ட்ரிக்கல் வேலை, சொந்த ஊர் பட்டுக்கோட்டை. பேக் நல்லதுதான், ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஏணி ஏறாதீர்கள். பாரம் உங்களைப் பின்னால் இழுக்கும், ஏணிப்படியில் நெஞ்சு ஒட்டாது. இங்கே 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்குப் பெர்மிட் இல்லாமல் விடமாட்டார்கள். எங்கள் சைட்டில் உயரத்துக்கு எடுத்துப்போகிற டூல் ஒவ்வொன்றுக்கும் சுருள் கயிறு, ஒரு முனை டூலில், இன்னொரு முனை பெல்ட்டில். வந்த புதிதில் எனக்கு அது தொல்லையாக இருந்தது. ஆனால் 20 மீட்டர் மேலிருந்து கை நழுவுகிற சுத்தியல் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், கீழே ஒருவர் நின்றால் ஹெல்மெட் இருந்தாலும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊரில் நாலாவது மாடி வெளிச்சுவரில் நின்று வேலை செய்யும்போது யாரும் கயிறு கட்டுவதில்லை. நைலான் கயிறு மீட்டர் என்ன விலை வந்துவிடப்போகிறது? பேக் கீழேயே இருக்கட்டும், மேலே தேவையான நாலு டூலை மட்டும் இடுப்புப் பையில் கட்டி எடுத்துப்போங்கள்.

ஆசாரி வேலை:
உளி வைத்திருப்பவர்கள் பாக்கெட்டை நம்ப வேண்டாம், முனை துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பழைய ஜீன்ஸ் காலில் தைத்த சுருளில் சுருட்டி, அதைப் பேக்கில் போடுங்கள். இதே கடைகளில் காந்தம் வைத்த மணிக்கட்டுப் பட்டை ஒன்று வருகிறது, அதுவும் வாங்கலாம். முப்பது வருடம் ஸ்க்ரூவை வாயில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்தேன், ஒருமுறை இருமல் வந்து ஒன்று தொண்டை வரை போய்விட்டது. ஜிப்சம் போர்டு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூ நன்றாக ஒட்டும். பித்தளை ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் ஒட்டாது. அதற்குச் சட்டைப் பைதான்.

கோவை வயரிங்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன். என் டூல் எல்லாவற்றையும் பழைய பையோடு எடுத்துப்போய் அங்கேயே ஒவ்வொன்றாகச் சொருகி, ஜிப் மூடுகிறதா, பின் சீட்டில் அடி உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன். திருச்சி அண்ணா, ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஹாமர் மெஷினும் உங்கள் பேக்கிலேயே போகிறதா, இல்லை தனியாகவா?

திருச்சி பேனல்:
தனியாகத்தான் தம்பி. மெஷினையும் போட்டால் 12 கிலோ தாண்டிவிடும், அப்புறம் நாலாவது மாடிக்கு அதைச் சுமந்து ஏற முடியாது.