950 ரூபாய்ச் சேட்டும் அந்தச் சிவப்பு அட்டையும்

சுன்னாகம் தையல்
நேற்று தீபாவளி மலிவு விற்பனைப் படத்துக்குக் கீழ கஸ்தூரியார் வீதிக் கடைக்காரத் தம்பி எழுதினதை வாசிச்சிட்டு எனக்கு இரவு நித்திரை வரேல்லை. "தைச்சவள் என்ன பாடுபட்டாள் எண்டு யோசிச்சால் ஒருத்தரும் உடுப்பு உடுக்க ஏலாது. வாங்கிறவனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." இதுதான் அவர் எழுதினது. அதுக்கு எத்தினை பேர் கைதட்டியிருக்கினம்!

நான் 34 வருசமாத் தைக்கிறன். ஒரு சேட்டை உள்பக்கம் திருப்பிப் பாத்தால் எத்தினை கை பட்டது எண்டு சொல்லுவன். கொலருக்கு ஒரு பிள்ளை, கைமணிக்கட்டுக்கு ஒரு பிள்ளை, பொக்கற்றுக்கு ஒரு பிள்ளை. பொக்கற் தைக்கிறவள் விடிஞ்சால் பொழுதுபட்டால் பொக்கற்தான். என்ர மருமகள் வன்னியில ஒரு கார்மென்டில ரெண்டு வருசம் அப்பிடித் தைச்சவள். லைனில 40 பெட்டையள். கக்கூசுக்குப் போறதெண்டால் சூப்பவைசரிட்டை இருக்கிற சிவப்பு அட்டையை வாங்கிக் கழுத்தில கொழுவிக்கொண்டு போகவேணும். ஒரு லைனுக்கு ஒரு அட்டை. போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள். அதுக்குப் பயந்து பிள்ளையள் தண்ணி குடிக்கிறேல்லை. ரெண்டாம் வருசம் சலத்தில கிருமி வந்து இவள் காய்ச்சலோட படுத்தாள். கடைக்காரத் தம்பி, ஏற்றுமதியில கழிச்ச சேட்டு எண்டு நீங்கள் 950 ரூபாய்க்குத் தொங்கவிட்டிருக்கிறது அப்பிடிப்பட்ட பிள்ளையள் தைச்சது. சம்பந்தம் இல்லையோ?

கஸ்தூரியார் வீதிக் கடை
ஐயா, வணக்கம். நீங்கள் பெரியவர், மரியாதையாக் கேக்கிறன். அந்தச் சிவப்பு அட்டையை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ? 40 பேருக்கு ஒரு அட்டை எண்டால் அங்க வேலை நடக்குமோ? வெளிநாட்டுக் கொம்பனிக்காரர் வந்து பாக்கிற இடம். ஒரு படம் போடுங்கோ, நான் கடையைப் பூட்டுறன்.

புங்குடுதீவில இருந்து ஒரு தாய் மூண்டு பிள்ளையளுக்கு உடுப்பு எடுக்க வந்து, கடைசி பஸ்ஸுக்கு ஓடுறா. அவவுக்கு 950 ரூபாய்ச் சேட்டு இல்லாட்டி பிள்ளையளுக்குத் தீபாவளி இல்லை. நீங்கள் ஒரு சேட்டுக்குத் தையல்கூலி மட்டும் எவ்வளவு வாங்கிறியள் எண்டதையும் எழுதுங்கோவன்.

கொக்குவில் ரீச்சர்
சண்டைக்கு முதல் ஒரு விசயம். மோசமான வேலைநிலை எண்டு எதைச் சொல்லுறம்? சம்பளமோ, நேரமோ, பாதுகாப்போ, அவமரியாதையோ? சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளம் 2016 இல 10,000 ரூபாய், 2024 இல 17,500. அதைக் குடுத்தால் போதுமோ? இதை முதல் வரையறுத்தால்தான் பிறகு கதைக்கலாம்.

சுன்னாகம் தையல்
படம் கேக்கிறார் தம்பி! உள்ள போகேக்குள்ள போனை வாங்கி வைக்கிற இடத்தில ஆர் படம் எடுக்கிறது? அட்டையை நான் காணேல்லை. அவள் எனக்கு முன்னால இருந்து அழுததைக் கண்டனான். என்ர தங்கச்சியின்ர பிள்ளை எனக்குப் பொய் சொல்லமாட்டாள்.

என்ர கூலியைப் பற்றிக் கேட்டியள். ஒரு சேட்டு வெட்டித் தைக்க எனக்கு அரை நாளுக்குக் கிட்டப் போகும். அரை நாள் கூலியைத்தான் வாங்கிறன். துணி, நூல், பொத்தான், லொறி, உங்கட கடைவாடகை எல்லாம் கழிச்சு அந்த 950 இல தைச்சவளுக்கு என்ன மிஞ்சும்? நீங்கள் கணக்குப் படிச்ச ஆள்தானே, போட்டுப் பாருங்கோ.

கிளிநொச்சிப் பிள்ளை
நான் ஆறு வருசமா கார்மென்டில வேலை செய்யிறன், இப்பவும் அங்கதான். எங்கட இடத்தில அட்டை ஒண்டும் இல்லை. எழும்பிப் போகலாம். ஆனால் போய் வாறதுக்குள்ள பீஸ் குவிஞ்சு கிடக்கும், ரார்கெட் விழும் (தைச்சு முடிக்கச்சொல்லித் தாற கணக்கு), லைன் முழுக்க எங்களைத்தான் பாக்கும். அதால நாங்களாவே அடக்கிக்கொண்டு இருப்பம். ஒருநாள் லீவு போட்டால் வரவுக்காசு வெட்டு. அம்மாவின்ர திவசத்துக்கும் நான் லீவு போடேல்லை.

எண்டாலும் தயவுசெய்து "வாங்காதேங்கோ" எண்டு எழுதாதேங்கோ. 2020 இல வெளிநாட்டுக் கொம்பனியள் ஓடரை நிப்பாட்டேக்குள்ள முதலாளி வீட்டில அடுப்பு எரிஞ்சது. எங்கட வீட்டிலதான் எரியேல்லை.

கஸ்தூரியார் வீதிக் கடை
கேட்டியளோ ஐயா? வேலை செய்யிற பிள்ளையே சொல்லுது அட்டை இல்லையெண்டு. முடிஞ்சுது கதை.

சுன்னாகம் தையல்
என்ன முடிஞ்சது? பிள்ளை "எங்கட இடத்தில" எண்டுதான் எழுதியிருக்கு. என்ர மருமகள் வேலை செய்தது வேற இடம். அங்க அட்டை இருந்தது. நீல நாடா போட்டு ஆணியில தொங்கினது. "அடக்கிக்கொண்டு இருப்பம்" எண்டு அந்தப் பிள்ளை எழுதினது உங்கட கண்ணில படேல்லையோ? அட்டை தொங்கினால் என்ன தொங்காட்டி என்ன, அடக்கிறது அடக்கிறதுதான்.

மானிப்பாய் மச்சான்
ஐயா முதல் சிவப்பு எண்டியள். இப்ப நீலம் எண்டுறியள்.

சுன்னாகம் தையல்
அட்டை சிவப்பு. நாடா நீலம். எழுத்துக்கூட்டி வாசியும்.

ரொறன்ரோ வேலணையான்
2009 இலயே இலங்கைச் சாமானைப் புறக்கணியுங்கோ எண்டு இஞ்ச பனிக்குள்ள பதாகை பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். அப்ப ஊரில ஒருத்தரும் கேக்கேல்லை. நான் இண்டைக்கும் இலங்கையில தைச்ச உடுப்பு வாங்கிறேல்லை. ஒரு கொள்கை வேணும் மனுசருக்கு.

மானிப்பாய் மச்சான்
அண்ணை, பங்களாதேசில ரானா பிளாசா எண்ட கார்மென்ட் கட்டிடம் இடிஞ்சு 1,134 பேர் செத்த இடத்தில கிடந்தது உங்கட கனடாக் கடையின்ர ஜோ ஃபிரெஷ் சட்டை. அதை எத்தினை தரம் உடுத்தனீங்கள்? இலங்கை எண்டு போட்டிருந்தால் மட்டுமோ கொள்கை முழிக்கும்?

ரொறன்ரோ வேலணையான்
தம்பி, நான் ஆரெண்டு தெரியாமல் கதைக்காதேங்கோ. உங்கட ஊர் வாசிகசாலைக்குக் கூரை போட்டதில என்ர காசும் இருக்கு.

மானிப்பாய் மச்சான்
வந்துட்டுது கூரை. பத்து வருசமா இந்தக் கூரைக்குக் கீழதானே இருக்கிறம்.

சுன்னாகம் தையல்
கூரையை விடுங்கோ. ரானா பிளாசாவைப் பற்றி மச்சான் தொட்டதால சொல்லுறன். 2013 சித்திரை 23 ஆம் திகதி சுவரில வெடிப்பைக் கண்டவை. கீழ்த்தட்டில இருந்த வங்கி மூடினது, கடையள் மூடினது. மேல தைக்கிறவையை மட்டும் அடுத்தநாள் காலமை உள்ள கூப்பிட்டவை, வராட்டிச் சம்பளம் இல்லையெண்டு வெருட்டி. கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் போட்டினம், எட்டு மாடியும் இடிஞ்சு விழுந்துட்டுது. வங்கியில வேலை செய்யிறவன்ர உயிருக்கு ஒரு விலை, தைக்கிறவள்ர உயிருக்கு ஒரு விலை. ஓடர் பிந்தக் கூடாது எண்டு ஆர் அவசரப்படுத்தினது? மலிவாயும் வேணும், கெதியாயும் வேணும் எண்டு கடையில நிக்கிற நாங்கள்தான்.

கஸ்தூரியார் வீதிக் கடை
அது பங்களாதேஷ். என்ர கடையில பாதிச் சாமான் திருப்பூர். தமிழன்ர உழைப்பு.

சுன்னாகம் தையல்
தமிழன்ர உழைப்போ? சுமங்கலித் திட்டம் எண்டு கேள்விப்பட்டனீங்களோ தம்பி? கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூல் ஆலையளில ஏழைக் குமர்ப்பிள்ளையளை மூண்டு வருசத்துக்குச் சேப்பினம். கலியாணத்துக்கு ஒரு தொகை, அது மூண்டு வருசம் முடிஞ்சால்தான். அதுவரைக்கும் ஆலை விடுதி, வெளிய போக அனுமதியில்லை. இடையில வருத்தம் வந்து வீட்டை போனவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போன கதை எத்தினை. சுமங்கலி எண்டு பேர் வேற! தாலிக்காசைக் காட்டிக் குமர்ப்பிள்ளையைப் பூட்டி வைக்கிறதுக்கு அந்தச் சொல்லு. தமிழன் தமிழத்தியைப் பூட்டினால் சரியோ?

கஸ்தூரியார் வீதிக் கடை
எல்லா ஆலையும் அப்பிடியில்லை. நான் அட்டையைப் பற்றித்தான் கேட்டனான், நீங்கள் இந்தியா முழுக்கச் சுத்துறியள். அட்டைக்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

ஒண்டு வெளிப்படையாச் சொல்லுறன். ரெடிமேட் வந்தபிறகு உங்கட தையல்கடைக்குச் சனம் குறைஞ்சது. ஊருக்கே தெரியும். உந்தக் கோபத்தைப் பிள்ளையளின்ர பேரில ஏன் கொட்டுறியள்?

இணுவில் சுதா
கடைக்காரர் சொல்லுறது சரி. 2018 இல என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்குச் சாறிச் சட்டை ஆறு குடுத்தனாங்கள் இந்த ஐயாட்டை. முகூர்த்தத்துக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குத்தான் வந்தது, அதிலயும் ரெண்டு கை ஏறேல்லை. தொழிலாளி உரிமை கதைக்கிறவர் வாடிக்கையாளர் உரிமையும் கதைக்கட்டும்.

சுன்னாகம் தையல்
சுதாப் பிள்ளை, அளவு எடுக்க ஆறு பேரும் வாங்கோ எண்டு மூண்டுதரம் சொன்னனான். நாலு பேர்தான் வந்தவை. மற்ற ரெண்டுக்கும் பழைய சட்டை குடுத்து விட்டனீங்கள். பழைய சட்டைக்கு ஏறின கை புதுசுக்கு ஏறேல்லை எண்டால் ஊசியோ பிழை? ரெண்டையும் பிரிச்சு விட்டுத் தந்தனான், காசும் வாங்கேல்லை. அதை ஏன் எழுதேல்லை?

கடைக்காரத் தம்பிக்கு: ஓம், எனக்கு வேலை குறைஞ்சது. ரெண்டு மெசினை வித்தனான். அதுக்காக நான் கண்டது பொய்யாகிடுமோ? தையல்காரன் கதைக்கக்கூடாது, கொழும்பு மாநாட்டில கோட்டுப் போட்டவர்தான் கதைக்கவேணுமோ? உங்கட ஐயா சின்னக்கடையில துணி மூட்டை தூக்கினவர், என்ர ஐயாட்டைத்தான் களிசான் தைச்சவர். கூலியைப் பற்றி அவர் இப்பிடிக் கதைச்சதேயில்லை.

கஸ்தூரியார் வீதிக் கடை
என்ர ஐயாவை இழுக்காதேங்கோ.

கிளிநொச்சிப் பிள்ளை
ஆருக்கும் எங்கட கதை வேணுமோ? 2011 இல கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராப் பிள்ளையள் மெசினை விட்டிட்டு வெளிய வந்தவை. பொலிஸ் சுட்டு ரொஷேன் சானக்க எண்ட பெடியன் செத்தான். அதுக்குப் பிறகுதான் அரசாங்கம் அந்தச் சட்டமூலத்தை மீளப் பெற்றது. கடைக்குப் போகாமல் விட்ட ஆரும் அதைச் செய்யேல்லை, உள்ள வேலை செய்தவைதான் செய்தவை. எங்களுக்குச் சங்கம் வைக்க விடச்சொல்லிக் கேளுங்கோ. சேட்டு வாங்கிற நீங்கள் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினால் எங்களுக்கு அது பெரிசு. வாங்காமல் விட்டால் உங்களுக்குத்தான் மனம் ஆறும்.

சுன்னாகம் தையல்
தங்கச்சி, உம்மட வேலையைப் பறிக்கவேணும் எண்டு நான் எழுதேல்லை. சம்பந்தம் இல்லை எண்டு சொல்லாதேங்கோ எண்டுதான் எழுதினனான். வாங்கிறவன் வாங்கட்டும், உள்பக்கத்தை ஒருக்காத் திருப்பிப் பாத்து வாங்கட்டும். கடிதம் எழுதச் சொன்னீர், எழுதுறன். முதல் வரியிலேயே அந்த அட்டையைத்தான் எழுதுவன்.

கிளிநொச்சிப் பிள்ளை
ஐயா, அட்டையை எழுதாதேங்கோ. எங்களிட்டை இல்லாததை எழுதினால் எல்லாம் பொய்யெண்டு சொல்லுவினம். ரார்கெட்டை எழுதுங்கோ.

சுன்னாகம் தையல்
என்ர மருமகளிட்டை இருந்தது பிள்ளை.

கொக்குவில் ரீச்சர்
நான் கேட்ட வரையறைக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

மானிப்பாய் மச்சான்
ரீச்சர், இஞ்ச இன்னும் நாடா என்ன நிறம் எண்டதே முடியேல்லை.

கஸ்தூரியார் வீதிக் கடை
மருமகளை இஞ்ச வந்து எழுதச் சொல்லுங்கோ. எழுதினால் நம்புறன்.

சுன்னாகம் தையல்
அவள் இப்ப வேற கார்மென்டில. காலமை ஐஞ்சு மணிக்குப் பஸ், வர இரவு எட்டாகும். ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாக்கிறன். அதுவரைக்கும் அட்டை சிவப்புத்தான்.