டேங்க் நிறைய கூலன்ட் இருந்தும் உறைந்தது ஏன்? முதல் குளிர்காலத்தில் கார் ஓட்டுபவர்களுக்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். இங்கு வந்து இது முதல் குளிர்காலம். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். நேற்றிரவு மைனஸ் 22 வரை போய்விட்டது. காலையில் சாவியைத் திருப்பினேன், இன்ஜின் எடுத்துக்கொண்டது. ஆனால் பானெட்டுக்குள் இருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஹீட்டரைத் திருகினால் குளிர்காற்றுதான் வருகிறது. கொஞ்ச தூரம் போனதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இவ்வளவு குளிரில் இன்ஜின் எப்படிக் கொதிக்கும்? டேங்கில் கூலன்ட் கோடு வரைக்கும் இருக்கிறது. இப்போது ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். ஓடினால் அந்தச் சூட்டிலேயே சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம் தம்பி. அணைத்த இன்ஜின் அணைத்தபடியே இருக்கட்டும். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதைக் கேட்டால், இப்போது ஒரு நாள் காத்திருப்பில் முடியக்கூடிய விஷயம் இன்ஜினையே கழற்றும் வேலையில் போய் நிற்கும். இழுவை வண்டியைக் கூப்பிட்டுவிட்டு, அது வருவதற்குள் இதைப் படியுங்கள்.

கீச்சொலி, சூடு வராத ஹீட்டர், ஏறுகிற முள். இந்த மூன்றும் கடுங்குளிர் காலையில் ஒன்றாக வந்தால் முதல் சந்தேகம் கூலன்ட் உறைந்ததில்தான். கூலன்ட்டைச் சுற்றி ஓடவைக்கும் வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் ஐஸ் கூழில் மாட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் நிற்கின்றன. அதைச் சுற்ற வேண்டிய பெல்ட் வழுக்குகிறது, அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்டது. சில கார்களில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பல் வைத்த பெல்ட். அங்கே சத்தம்கூட வராமல் பெல்ட்டின் பல் தெறித்துவிடலாம். அப்படிப் பார்த்தால் சத்தம் வந்தது நல்லதுதான்.

ஹீட்டருக்கும் இதே கதை. காருக்குள் வருகிற சூடு இன்ஜினிலிருந்து கூலன்ட் சுமந்து வருகிற சூடு. கூலன்ட் நகரவில்லை என்றால் சூடும் வராது. இன்ஜினுக்குள்ளோ பெட்ரோல் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. வெளியே மைனஸ் 22 ஆனாலும் சரி, மைனஸ் 40 ஆனாலும் சரி, அந்தச் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லாவிட்டால் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் சில நிமிடங்களில் கொதிக்கும், அலுமினிய ஹெட் என்றால் வளைந்தும் போகும். ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இன்னொரு வகையும் உண்டு, அது ஆளை ஏமாற்றும். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், வண்டி ஓடும், பத்து நிமிடம் கழித்து நெடுஞ்சாலையில் முள் திடீரென்று ஏறும். காரணம் தெர்மோஸ்டாட், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. இன்ஜின் 80, 90 டிகிரி தொடும் வரை அது மூடியே இருக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ரேடியேட்டரோ முன்னால் நின்று குளிர்காற்றை நேராக வாங்கிக்கொண்டிருக்கிறது. கலவை சரியில்லை என்றால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் தெர்மோஸ்டாட் திறந்தாலும் போக வழி இருக்காது.

சரி, டேங்க் நிறைய இருந்தும் ஏன் உறைந்தது? நிறைய இருப்பது கூலன்ட்தானா என்பதுதான் கேள்வி. டேங்கின் கோடு அளவைச் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. கூலன்ட் என்பது தண்ணீரும், உறையாமல் காக்கிற ஆன்டிஃப்ரீஸும் சேர்ந்த கலவை. ஆன்டிஃப்ரீஸ் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அதில் பாதி, தண்ணீர் பாதி என்று கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. கிளைக்கால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் மைனஸ் 18 அளவிலேயே ஐஸ் கட்டத் தொடங்கிவிடும். பாதிக்குப் பாதி எப்படி மூன்றில் ஒன்றாகும் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 8 லிட்டர், அதில் 4 லிட்டர் கிளைக்கால். எங்கோ சின்னக் கசிவு. ஒரு லிட்டர் குறைந்ததும் பழைய உரிமையாளர் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றுகிறார். கிளைக்கால் மூன்றரை லிட்டராகிறது. மறுபடி ஒரு லிட்டர் போய், ஒரு லிட்டர் தண்ணீர். மூன்றாம் முறை முடிந்ததும் மிஞ்சுவது 2.7 லிட்டருக்கும் குறைவு. கோடு அசையவே இல்லை, பாதுகாப்பு மட்டும் மைனஸ் 37-இலிருந்து மைனஸ் 18-க்கு வந்துவிட்டது. வெயில் பக்கத்தில் ஓடிய வண்டி என்றால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய கார் வாங்கும்போது டயரைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், இதைப் பார்ப்பவர் குறைவு.

உங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. வெறும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருத்து, கல்லாக இறுகி, இரும்பையே பிளக்கும். கிளைக்கால் கொஞ்சமாவது கலந்திருந்தால் முதலில் கூழாகத்தான் மாறும்; முழுக்க இறுகுவதற்கு இன்னும் குளிர் வேண்டும். அதனால் இன்ஜின் பிளாக் வெடித்திருக்கும் என்று இப்போதே பயப்பட வேண்டாம்.

வண்டியைச் சூடான ஒரு கராஜுக்குள் கொண்டுபோய் அப்படியே விட்டுவிடுங்கள். மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்து இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இன்ஜின் பெரிய இரும்புக் கட்டி. உள்ளே வரைக்கும் சூடேற ஒரு நாள்கூட ஆகலாம். ரேடியேட்டர் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே நறநறவென்று ஏதோ நொறுங்கினால் இன்னும் ஐஸ் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகிற யோசனை யாராவது சொல்வார்கள். உறைந்த உலோகத்தில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும். தீ, கேஸ் அடுப்பு எதையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு இளக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

இன்று ஓட்டியதால் இன்ஜின் ஒரு பக்கம் உறைந்தும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கலாம். ஆகவே ரேடியேட்டர் மூடியை இப்போது திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், கொதிக்கிற கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

இளகிய பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். இது நான் எல்லோருக்கும் சொல்வது. ஐஸ் இருக்கும் வரை அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், இளகினால்தான் ஒழுக்கு தெரியும். சொட்டு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். முன்பக்கம் என்றால் ரேடியேட்டர் அல்லது ஹோஸ். இன்ஜின் பக்கவாட்டிலிருந்து வடிந்தால் ஃப்ரீஸ் பிளக் எனப்படும் வட்டத் தகடு பிதுங்கியிருக்கலாம். அந்தத் தகடு சில சமயம் பிதுங்கி பிளாக்கைக் காப்பாற்றும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. காருக்குள் கால் வைக்கும் மேட் ஈரமாக இருந்து இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், போயிருக்கிறது.

அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆயில் நன்றாக இருந்து, அட்டையும் காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து முள்ளையும் ஹீட்டரையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஹீட்டரில் சூடு வந்தால் கூலன்ட் ஓடுகிறது. பின்னால் புகைக்குழாயில் வெள்ளைப்புகை அடங்காமல் வந்துகொண்டே இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்நாட்டில் காலையில் எல்லா வண்டியும் கொஞ்ச நேரம் வெள்ளையாக ஆவி விடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கேள்வி: ரொம்ப நன்றி அண்ணா. வண்டி இப்போது நண்பரின் சூடான கராஜில் இருக்கிறது. ஒழுக்கு எதுவும் இல்லை, ஆயிலும் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் தண்ணீரே கலக்காத ஆன்டிஃப்ரீஸை வாங்கி முழுக்க ஊற்றிவிடட்டுமா? இனிமேல் பயமே இல்லையே.

பதில்: அப்படிச் செய்தால் பயம் கூடத்தான் செய்யும். தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 அளவிலேயே உறையும். தண்ணீரோடு சேரும்போதுதான் அது மைனஸ் 37 வரை தாங்கும். 60 சதவீதம் வரை போகலாம், மைனஸ் 50 வரை தாங்கும். 70-ஐத் தாண்டினால் திரும்பவும் உறைநிலை மேலே ஏறத் தொடங்கும். அதோடு சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கிளைக்கால் கூடக்கூட இன்ஜின் குளிர்வதும் குறையும்.

முதலில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உறிஞ்சிப் பார்க்கிற சின்ன ஹைட்ரோமீட்டர் வாகன உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் என்றால் ஒரு சொட்டு போதும், அளவும் துல்லியம். ஒன்று கவனியுங்கள், எத்திலீன் கிளைக்காலுக்கென்று செய்த ஹைட்ரோமீட்டர், இன்னொரு வகை ஆன்டிஃப்ரீஸான புரோப்பிலீன் கிளைக்காலுக்குத் தப்பாகக் காட்டும். மாதிரியை ரிசர்வ் டேங்கிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கடைசியாக ஊற்றியது அங்கேயே தங்கியிருக்கலாம், ரேடியேட்டருக்குள் இருப்பது வேறாக இருக்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து அங்கிருந்து எடுங்கள்.

மூன்றில் ஒரு பங்குதான் கிளைக்கால் என்று தெரிந்தால், அந்த 8 லிட்டர் வண்டியில் 2 லிட்டரை வடித்துவிட்டு தண்ணீர் கலக்காத ஆன்டிஃப்ரீஸான கான்சென்ட்ரேட் 2 லிட்டர் ஊற்றினால் பாதிக்குப் பாதி ஆகிவிடும். கணக்கு சரிதான், ஆனால் பழைய வண்டிக்கு, அதுவும் யார் என்ன ஊற்றினார்கள் என்று தெரியாத வண்டிக்கு, முழுக்க வடித்து, கழுவி, புதிதாக நிரப்புவதுதான் என் விருப்பம். கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கிற மருந்துகளும் இருக்கின்றன, அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். தண்ணீர் கலக்க வேண்டிய கான்சென்ட்ரேட் ஒன்று, ஏற்கெனவே கலந்த பிரிமிக்ஸ் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி கேனில்தான் வரும். லேபிளைப் படித்து வாங்குங்கள். பிரிமிக்ஸில் இன்னும் தண்ணீர் ஊற்றிவிட்டு உறைந்துபோனது என்று வருபவர்கள் உண்டு. கலக்குவதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான். குழாய்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்துகொள்ளும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் என்பதெல்லாம் அந்தந்த நிறுவனம் போடுகிற சாயம்தான். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதை வாங்குங்கள். ஒவ்வாத வகைகள் கலந்தால் காப்பு மருந்துகள் கெட்டுப்போகும், சில சமயம் சேறாகத் திரண்டு அடைக்கும். நிரப்பிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று சிக்கியிருந்தால் மறுபடியும் ஹீட்டர் குளிரும், முள் ஏறும், திரும்ப உறைந்துவிட்டதோ என்று குழம்புவீர்கள்.

கேள்வி: அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நாங்களும் புதிதாக வந்தவர்கள். ஒரு மாதம் காரை வெளியில் நிறுத்திவிட்டுப் பயணம் போகிறோம். போனில் வானிலை பார்த்தால் மைனஸ் 28, ஆனால் மைனஸ் 41 போல இருக்கும் என்று காட்டுகிறது. எதற்குத் தயாராவது?

பதில்: அந்த 41 உங்கள் தோலுக்கான எண் தங்கச்சி, காருக்கானது அல்ல. காற்று அடித்தால் இன்ஜின் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. மைனஸ் 28 என்றால் மைனஸ் 28-தான். அதற்குக் கீழே ஒரு பத்து டிகிரியாவது தாங்கும்படி கலவை இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்றால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். அந்த ஊரில் இன்னும் கடுமையாக இறங்கும் என்றால் 60 சதவீதம். போவதற்கு முன் அளந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

முன்பக்க கிரில்லில் மின்சார பிளக் ஒன்று தொங்கினால் அது இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டருக்கானது. திரும்பி வந்ததும் ஸ்டார்ட் செய்வதற்குச் சில மணி நேரம் முன்னால் மின்சாரம் கொடுத்தால் இன்ஜினுக்கு நல்லது. மாதக்கணக்கில் நின்றால் பேட்டரியும் இறங்கும். ஸ்டார்ட்டர் மந்தமாக இழுத்தால் அது பேட்டரி, கூலன்ட் இல்லை.

இன்னொன்று, கண்ணாடி கழுவும் நீருக்குத் தனி டேங்க். அதிலும் குளிர்காலத்துக்கானதை ஊற்ற வேண்டும். இரண்டு மூடிகளும் பானெட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், மூடியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து ஊற்றுங்கள்.

தம்பி, நீங்கள் வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். நாய் பூனை நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். குழந்தை கைக்கும் எட்டக்கூடாது. மூடியுள்ள கேனில் அடைத்து, மேலே என்னவென்று எழுதி, பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் கராஜிலோ ஊராட்சியின் அபாயக் கழிவு மையத்திலோ கொடுத்துவிடுங்கள். கராஜ் தரையில் சிந்தியதையும் இன்றைக்கே துடைத்துவிடுங்கள்.