வெங்காயத் தோலில் உட்கரு மட்டும் தெரிகிறது, மற்றவை எங்கே?

கேள்வி (9ஆம் வகுப்பு ஆசிரியர்)
வெங்காய உள்தோலில் அயோடின் விட்டு 400 மடங்கில் பார்த்தால் செல் சுவரும் உட்கருவும் பளிச்சென்று தெரிகின்றன. பாடப் படத்தில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், வாக்குவோல் (செல்லுக்குள் நீர்மம் நிரம்பிய பை) எதுவும் தெரியவில்லை. நடுநடுவே கறுத்த விளிம்போடு வட்டங்கள் வேறு. நுண்ணோக்கியில் கோளாறா?

ஆய்வகத் துணைவர்
கோளாறு இல்லை. அந்தக் கறுத்த வட்டங்கள் காற்றுக்குமிழிகள். கவர் ஸ்லிப்பின் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) ஒரு விளிம்பைத் தண்ணீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கி மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். மேலிருந்து தட்டையாக வைத்தால் குமிழி வரத்தான் செய்யும்.

அந்தத் தோலில் பசுங்கணிகம் கிடையாது. மைட்டோகாண்ட்ரியா நிறையவே உண்டு, ஆனால் அகலம் 0.5 முதல் 1 மைக்ரான்தான். நிறமும் இல்லாததால் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு ஜேனஸ் கிரீன் பி சாயம் வேண்டும், அதுவும் உயிருள்ள செல்லில். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை மறந்துவிடுங்கள்: அது 20–30 நானோமீட்டர், ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது.

தாவரவியல் முதுகலை
வாக்குவோலைச் சாயமே இல்லாமல் காட்டலாம். சிவப்பு வெங்காயச் செதிலின் வெளிப்பக்கத் தோலை (நிறமுள்ள பக்கம்) உரியுங்கள். அந்த ஊதா நிறம் முழுக்க வாக்குவோலுக்குள் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. முதலில் வெறும் தண்ணீரில் பாருங்கள். செல் முழுக்க நிறம் நிரம்பியிருக்கும், ஏனென்றால் வாக்குவோல்தான் செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிறகு 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்பு கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மை உறிஞ்சும் தாளை வைத்து இழுங்கள். சில நிமிடங்களில் நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். வகுப்பே ஆச்சரியப்படும் காட்சி அது. அதே முறையில் தண்ணீரை இழுத்தால் மறுபடி விரியும்.

அயோடின் விட்ட தோலில் இதைச் செய்யாதீர்கள். அயோடின் செல்லைக் கொன்றுவிடும்; செத்த செல்லின் சவ்வு உப்பையும் உள்ளே விட்டுவிடும், எதுவும் சுருங்காது. சுருங்கிய தோலை உப்பில் வெகுநேரம் விட்டாலும் திரும்ப விரியாது.

ஆய்வகத் துணைவர்
ஒரு திருத்தம்: நிறத்தின் விளிம்பைச் செல் சவ்வு என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். அது வாக்குவோலின் சவ்வு. அதற்கு வெளியே மெல்லிய சைட்டோபிளாசம் (செல்லுக்குள் இருக்கும் கூழ்), அதையும் தாண்டித்தான் செல் சவ்வு.

தாவரவியல் முதுகலை
சரிதான், அதைச் சொல்லியே காட்ட வேண்டும். பசுங்கணிகத்துக்கு ஹைட்ரில்லா இலை போதும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். இலை இரண்டே செல் அடுக்கு, வெட்ட வேண்டியதில்லை. செடியைக் கொஞ்ச நேரம் நல்ல வெளிச்சத்தில் வைத்துவிட்டு, இளம் இலை ஒன்றை அதே தண்ணீரில் வையுங்கள். நடு நரம்பை ஒட்டிய செல்களில், சைட்டோபிளாச ஓட்டத்தோடு பச்சை மணிகள் சுவரோரமாகச் சுற்றுவது தெரியும். நகரவில்லை என்றால் இலை குளிர்ந்திருக்கும் அல்லது நசுங்கியிருக்கும். வேறு இலை மாற்றுங்கள்.