மருமகளோட பாட்டனுக்குப் பாட்டனை தேடிப் போன கதை

எங்க மருமக இங்கிலீஷ்காரப் பொண்ணு. அவங்க வீட்ல ஒரு பாட்டனப் பத்தி ரொம்பப் பெருமை, 1854ல கிரிமியா சண்டைக்குப் போனவராம். அவரப் பத்தி பழைய ரெக்கார்டுல தேடப் போறேன், அத்தே நீங்களும் வாங்கன்னா, பேரன் ஸ்கூல் போனா எனக்கும் பொழுது போகாது, கெளம்பிட்டேன்.

லண்டன்ல கியூங்கற ஏரியால நேஷனல் ஆர்க்கைவ்ஸ், சர்க்காரோட பழைய ரெக்கார்டெல்லாம் வச்சிருக்கற எடம், அங்க கம்ப்யூட்டர்ல ஃப்ரீயாவே பாக்கலாம். பென்ஷன் வாங்குன சிப்பாய்ங்களோட டிஸ்சார்ஜ் பேப்பருக்கு டபிள்யூ.ஓ. 97னு நம்பர், டபிள்யூ.ஓ.ன்னா வார் ஆபீஸ், பட்டாள இலாகா. உயரம், கண்ணு கலரு, காயம், பட்டாளத்துல சேர்றதுக்கு முன்னாடி பாத்த வேலைன்னு ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கான். எங்காளு செருப்பு தைக்கறவரு, இடது கையில குண்டு பாஞ்ச தழும்பு.

பிரச்சன என்னன்னா அவரு பேரு நம்ம ஊர் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேரு. அதே பேர்ல ஒருத்தன் பூட்ஸ் திருடி ரெண்டு மாசம் கடுங்காவல். இது நம்ம ஆளு இல்லத்தேன்னு மருமக அடிச்சு சொல்றா. ஜெயில் ரெஜிஸ்டர எடுத்துப் பாத்தா அதே உயரம், அதே இடது கைத் தழும்பு! நான் வாயத் தெறக்கல.

ஆனா உண்மையில அந்த மனுசன் கதையச் சொன்னது ஏழைங்களுக்கு உதவி குடுத்த ரெக்கார்டுதான், அது லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ்ல இருந்துச்சு, இப்ப அதுக்கு லண்டன் ஆர்க்கைவ்ஸ்னு பேரு. எந்த ஊர் இவருக்கு செலவு பண்ணணும்னு முடிவு பண்ண ஒரு விசாரணை வைப்பாங்க, எங்க பொறந்தே, யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டே, எப்ப கல்யாணம், எத்தன புள்ளைங்கன்னு எல்லாம் கேட்டு எழுதிக்குவாங்க, காசு குடுக்காம தப்பிக்கத்தான் இத்தன கேள்வி, ஆனா அதுலதான் நமக்கு மூணு தலமுறை கெடச்சுது பாருங்க. பட்டாளத்துக்காரனோ போலீஸோ இவ்வளவெல்லாம் கேக்கல.

ஏழைங்களுக்குன்னு வந்த 1834 சட்டத்துக்கு அப்புறம் முடிஞ்சவரைக்கும் ஒர்க்ஹவுஸ், அதாவது ஏழைங்கள வேல வாங்கி சோறு போடற விடுதி, அது உள்ள வந்தாதான் சோறு, அங்கயும் புருசன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம். இவரு வருசா வருசம் குளிருக்கு உள்ள போயி ஏப்ரல்ல வெளிய வந்திருக்காரு, ஒன்பது தடவ. கடைசி என்ட்ரில வெளிய போன தேதிக்குப் பக்கத்துல இறந்துட்டாருன்னு ஒரே வார்த்த.

அந்த மாதிரி ஒர்க்ஹவுஸ் நெறைய பின்னாடி ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. இதுவும்தான். எங்க பேரன் அங்கதான் பொறந்தான், நான் பத்தியக் கொழம்ப டப்பால போட்டு எடுத்துட்டுப் போனது அந்த கேட் வழியாதான்.